கர்ணனிடம் குறை தேடும் கையேடு

உயர்தர வகுப்பில் நாடகமும் அரங்கியலும் படிக்கும் பிள்ளைகளுக்காகவே எழுதுவதாக முதற் பந்தியிலேயே சொல்லிக்கொள்ளும் கட்டுரை ஒன்றை அண்மையில் ஒரு மலரில் வாசித்தேன். எழுதியவரின் பெயர் இங்கே வேண்டாம். பெயர் சொல்லும்படி அவருடைய சொந்தச் சரக்கு அதில் எதுவும் இல்லை. ரியூசன் குறிப்புகளில் கைமாறிக் கைமாறி மை மங்கிப்போன வாதங்களையே மறுபடி அச்சேற்றியிருக்கிறார். அவர் சொல்வது இதுதான்: அவல நாடகம் கிரேக்கரின் சொத்து, அதன் உச்சம் சோபோகிளிசின் ஈடிப்பஸ் மன்னன். நமது கூத்தில் அழுகை உண்டு, அவலம் கிடையாது. கதை எல்லாருக்கும் முன்பே தெரிந்திருப்பதால் திகைப்பு இல்லை. வரவுப் பாட்டிலேயே பாத்திரம் தன்னை விளம்பிவிடுவதால் பாத்திர வளர்ச்சி இல்லை. நாயகனை வீழ்த்தும் குணக்குறை எதுவும் அவனிடம் காட்டப்படுவதில்லை. கடைசியில் மோட்சமும் மங்களமும் வந்துவிடுவதால் வீழ்ச்சியே இல்லை. ஆகவே புத்தளம் மாவட்டத்தின் உடப்பு, முந்தல், சிலாபம், கல்பிட்டிப் பக்கத்துப் பிள்ளைகள் ஊரில் பார்த்ததையெல்லாம் ‘நாட்டார் கலை’ என்ற அலகுக்குள் கட்டிவைத்துவிட்டு, பாத்திர ஆய்வையும் நாடக உத்தியையும் கிரேக்கத்திடம் மட்டும் கற்கவேண்டுமாம்.

கிரேக்கத்திடம் கற்பதில் எனக்கு ஒரு வழக்கும் இல்லை. கட்டுரையாளர் கற்கவில்லை என்பதுதான் என் வழக்கு.

ஈடிப்பஸ் நாடகத்தின் பெருமை, முன்னைய மன்னன் லாயஸைக் கொன்றவன் யாரென்பதைக் கடைசிவரை மறைத்துவைத்ததில் இருக்கிறது என்கிறார். நாடகத்தைத் திறந்து பார்த்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டார். நாடகம் கால்வாசியை நெருங்கும்போதே கண் தெரியாத தீர்க்கதரிசி தைரேசியஸ் மேடைக்கு வந்து, நீ தேடும் கொலையாளி நீயே என்று மன்னனின் முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறான். ஊர்ப் பெரியோர்களாக நிற்கும் பாடகர் குழுவும் அதைக் கேட்கிறது. கேட்டும் ஈடிப்பஸுக்கு ஏறவில்லை. மைத்துனன் கிரெயோன் பதவிக்கு ஆசைப்பட்டுச் செய்யும் சூழ்ச்சி இது என்று கோபப்படுகிறான். மிச்ச நாடகம் முழுவதும் நாம் பார்ப்பது, ஒருவன் காதில் விழுந்த உண்மை அவன் மனதுக்குள் இறங்க எடுக்கும் நேரத்தை. அங்கே துப்பறியும் கதை தேடினால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

இன்னொரு இடத்தில், ஈடிப்பஸ் பார்வையாளர் கண்முன்னேயே தன் கண்களைக் குத்திக்கொள்ளும் கோரக் காட்சியை வியந்திருக்கிறார். அப்படி ஒரு காட்சியே இல்லை. அவனுக்குத் தாயும் மனைவியுமான யொகாஸ்தா தூக்கில் தொங்கியதும், அவளுடைய உடையில் இருந்த ஊசிகளைப் பிடுங்கி அவன் கண்களில் குத்திக்கொண்டதும் அரண்மனைக்குள் நடக்கின்றன. ஒரு தூதன் வெளியே வந்து சொல்கிறான், அவ்வளவே. கொலையையும் சாவையும் பெரும்பாலும் மேடைக்கு வெளியே நடத்தி, வாய்மொழியால் மேடைக்குக் கொண்டுவருவது கிரேக்க அரங்கின் அடிப்படை உத்திகளில் ஒன்று. உத்தியைக் கற்றுக்கொடுக்க வந்தவருக்கு அந்த உத்தியே தெரியவில்லை.

சரி, திகைப்பு விஷயத்துக்கு வருவோம். அதென்ஸ் நகரத்து டயோனிசஸ் விழாவில் உட்கார்ந்திருந்த ஆயிரக்கணக்கானவர்களுக்கு ஈடிப்பஸின் கதை தெரியாதென்றா நினைக்கிறார்? ஓமரின் ஒடிசி காவியத்திலேயே அந்தக் கதை உண்டு. தகப்பனைக் கொன்று தாயை மணந்தவன் அவன் என்று அறிந்தேதான் வந்து உட்கார்ந்தார்கள். அறிந்திருந்ததனால்தான், லாயஸைக் கொன்றவன் எவனோ அவன் நாசமாய்ப் போக என்று ஈடிப்பஸ் ஊருக்கு முன்னால் சாபம் போடும்போது அவர்களுடைய வயிறு கலங்கியது. அவனுக்குத் தெரியாதது நமக்குத் தெரியும் என்ற அந்த இடைவெளியில்தான் நாடக முரண் வேலை செய்கிறது. கதை தெரியாத கூட்டத்தின் முன் அந்தச் சாபம் வெறும் அரச ஆணையாகப் போய்விடும்.

இந்த வகையில் உடப்புக் கரையில் வளர்ந்த பிள்ளைக்கு அதென்ஸ்காரனுக்கு இருந்த அதே வசதி இருக்கிறது. ஆடி மாதத் திரௌபதை அம்மன் உற்சவத்தில் பாரதக் கதை சடங்காக நடந்து தீமிதிப்பில் முடிவதை நடக்கத் தொடங்கிய வயதிலிருந்தே பார்த்திருக்கிறது. தருமன் சூதில் தோற்பான் என்பது தெரியும். அருச்சுனனின் அம்பு யாருடைய கழுத்துக்குப் போகும் என்பதும் தெரியும். அந்தப் பிள்ளையிடம் போய், கதை தெரிந்திருப்பது உன் குறை என்று சொல்வதைப் போன்ற அநியாயம் வேறில்லை.

இனிக் கட்டுரையாளர் அதிகம் நம்பியிருக்கும் ஆயுதம், குணக்குறை. அவல நாயகனிடம் அவனை வீழ்த்தும் ஒரு குறை இருக்கவேண்டும். ஈடிப்பஸிடம் ஆணவமும் முன்கோபமும் இருந்தன. கர்ணனிடம் கொடையும் நன்றியும்தான் இருக்கின்றன. எனவே கர்ணன் அவல நாயகன் அல்லன். கணக்குப்போல் ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஆனால் ஈடிப்பஸ் எதனால் அழிகிறான் என்று நாடகத்தையே கேட்டுப் பார்க்கலாம். கொலையும் மணமும் நாடகம் தொடங்குவதற்குப் பல வருடங்களுக்கு முன்பே முடிந்துவிட்டன. நாடகத்துக்குள் அவன் செய்வது ஒன்றே ஒன்று: நகரத்தைக் கொள்ளைநோயிலிருந்து காப்பாற்ற உண்மையைத் தேடுகிறான். தைரேசியஸ் வேண்டாம் என்கிறான், யொகாஸ்தா வேண்டாம் என்று மன்றாடுகிறாள், கிழட்டு இடையன் சொல்ல மறுத்து நடுங்குகிறான். இவன் விடுவதாயில்லை. விட்டிருந்தால் பிழைத்திருப்பான். குடிகளுக்கு நல்ல அரசனாக இருந்ததே அவனை அந்த முடிவுக்கு இழுத்துப்போனது. கோபமும் இருந்தது, மறுக்கவில்லை. கோபம் மட்டும் இருந்து அந்தப் பிடிவாதமான நேர்மை இல்லாதிருந்தால் நாடகமே இல்லை.

கர்ணனின் கதி வேறா? பிள்ளைப் பருவத்தில் ஆற்றில் விடப்பட்டவன். ஈடிப்பஸ் மலையில் கைவிடப்பட்டவன். இருவரும் மாற்றார் வீட்டில் வளர்கிறார்கள். இருவருக்கும் பிறப்பு ஒரு புதிர். வித்தியாசம், அந்தப் புதிர் அவிழும் இடத்தில் இருக்கிறது. அதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கவேண்டும்.

ஈடிப்பஸ் நாடகத்தில் கொரிந்திலிருந்து ஒரு தூதன் வருகிறான். உன் தகப்பன் பொலிபஸ் இயற்கையாக இறந்துவிட்டான் என்று சொல்ல வந்தவன்; தகப்பனைக் கொல்வாய் என்ற தெய்வவாக்குப் பொய்த்ததென்று மன்னன் ஆறுதல் கொள்கிறான். மன்னனின் மிச்சப் பயத்தையும் போக்குவதாக எண்ணி, பொலிபஸ் உன்னைப் பெற்றவனே அல்லன் என்றும் சொல்லிவைக்கிறான். ஆறுதல் சொன்ன வாயே ஆளைக் கவிழ்க்கிறது. நிலைதிரிபுக்கு அரிஸ்டோட்டில் எடுத்துக்காட்டுவதும் இந்த இடத்தைத்தான். பக்கத்தில் நிற்கும் யொகாஸ்தாவுக்கு அந்த நொடியிலேயே எல்லாம் விளங்கிவிடுகிறது. மேலே கேட்காதே என்று கெஞ்சிப் பார்க்கிறாள். பிறகு உள்ளே போய்விடுகிறாள். இவனோ, தான் தாழ்ந்த குடியில் பிறந்தவனாக இருப்பேனோ என்றுதான் இவள் வெட்கப்படுகிறாள் என்று நினைத்து வீறாப்பாகப் பேசிக்கொண்டு நிற்கிறான். மேடையில் ஒருத்திக்குத் தெரிந்துவிட்டது, ஒருவனுக்குத் தெரியவில்லை, பார்ப்பவருக்கு எல்லாம் தெரியும். மூன்று அறிவுநிலைகள் ஒரே கணத்தில்.

இப்போது வில்லிபுத்தூரார் பாரதத்து வழியில் குந்தி கர்ணனிடம் வரும் கட்டத்தை எடுங்கள். நான்தான் உன் தாய் என்கிறாள். அவன் உடனே காலில் விழவில்லை. இப்படிச் சொல்லிக்கொண்டு முன்பும் பெண்கள் வந்திருக்கிறார்கள். பொய் சொன்னவரைச் சுட்டுவிடும் தெய்வ ஆடை ஒன்று அவனிடம் இருக்கிறது. குந்தி அதை உடுத்துகிறாள், ஒன்றும் ஆகவில்லை. அடையாளப் பொருளால் உறவு தெளிவதை அரிஸ்டோட்டில் தனியாக ஒரு வகையாகவே பேசுகிறார். அதற்கு இதைவிட மேடைக்கேற்ற உதாரணம் கிடைப்பது அரிது. தெளிந்த பிறகு அந்தத் தாய் என்ன கேட்கிறாள்? தம்பியர் பக்கம் வா என்று அழைக்கிறாள். அவன் மறுக்கிறான், துரியோதனனின் சோற்றுக்கும் நட்புக்கும் கடன்பட்டவன். அப்படியானால் நாகக்கணையை அருச்சுனன்மேல் ஒருமுறைக்குமேல் விடாதே, மற்ற நால்வரையும் கொல்லாதே என்று கேட்டு வாங்கிக்கொள்கிறாள். அவன் திருப்பிக் கேட்பது, நான் செத்துக் கிடக்கும்போது ஊரறிய என்னை மடியில் போட்டு மகனே என்று அழு என்பது.

அப்படியொரு பேரத்தை நான் வேறெந்த நாடகத்திலும் பார்த்ததில்லை. ஈடிப்பஸுக்கு அறிவு செயலுக்குப் பின் வருகிறது. கர்ணனுக்கு அறிவு முன்னே வந்துவிடுகிறது. தெரிந்துகொண்டே, வாக்குக் கொடுத்து ஆயுதத்தையும் பாதி கைவிட்டுப் போருக்குப் போகிறான். அவன் தம்பியருக்கோ எதுவும் தெரியாது. அண்ணனைக் கொன்றபின்தான் அது அண்ணன் என்று அவர்களுக்குத் தெரியவருகிறது. உறவினருக்குள் கொலை நேர்வதே அவலத்துக்கு மிகப் பொருத்தமான பொருள் என்று அரிஸ்டோட்டில் சொன்னபோது முதலில் நினைத்ததே அண்ணன் தம்பியைத்தான். அறிந்து செய்வது, அறியாமல் செய்து பின் அறிவது என்று அவர் தனித்தனியே வகுத்த இரண்டும் கர்ணன் கதையில் ஒரே சாவுக்குள் இருக்கின்றன: செத்தவன் அறிந்து சாகிறான், கொன்றவன் அறியாமல் கொல்கிறான். இதில் அவலம் இல்லையாம்.

போர்க்களத்தில் நாகக்கணை குறிதவறி முடியை மட்டும் தட்டிப்போன பின், மறுபடி விடு என்ற பேச்சு வருகிறது. கர்ணன் மறுக்கிறான். தேரோட்டும் சல்லியனுக்குக் காரணம் தெரியாது. அவன் கண்ணுக்கு இது வீம்பு. களரியைச் சுற்றி மணலில் உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தெரியும், தாய்க்குக் கொடுத்த வாக்கு அது என்று. யொகாஸ்தா உள்ளே போன கட்டத்தில் எந்த உத்தியைக் கண்டோமோ, அதே உத்தி இங்கே தேர்த்தட்டில் நடக்கிறது. தமிழகத்துத் தெருக்கூத்தின் கர்ண மோட்சத்தில் பொன்னுருவி தன் கணவனைக் குலம் குறைந்தவன் என்று இகழும்போதும் அதுதான் நடக்கிறது. தாழ்ந்த குடியோ என்று ஈடிப்பஸ் வீறாப்புப் பேசுகிறான். அரச குடியில் பிறந்த கர்ணனோ தாழ்ந்தவன் என்ற ஏச்சை வாங்கிக்கொண்டு நிற்கிறான். இரண்டையும் பக்கத்தில் வைத்து வாசித்த மாணவிக்கு நாடக முரண் என்றால் என்னவென்று வரைவிலக்கணம் பாடமாக்கத் தேவையில்லை.

பாத்திர வளர்ச்சி இல்லை என்ற குற்றச்சாட்டு நாவலிலிருந்து திருடி நாடகத்தில் கொண்டுவந்து மாட்டப்பட்டது. அரிஸ்டோட்டிலுக்குக் கதைக்கோப்பே முதல், பாத்திரம் இரண்டாமிடம். பாத்திரப் பண்பு இல்லாமல்கூட அவல நாடகம் இருக்கலாம், செயல் இல்லாமல் இருக்க முடியாது என்பது அவருடைய துணிபு. கிரேக்க நடிகர் எல்லாரும் ஆண்கள், எல்லாரும் முகமூடி போட்டவர்கள். முகமூடியில் வளர்ச்சி எங்கே தெரியும்? வரவுப் பாட்டில் தன்னை அறிமுகப்படுத்தும் கூத்துப் பாத்திரத்தைத் தட்டை என்று சொல்பவர், முடியும் புயவிளக்கும் கட்டிய கூத்தனின் முகமாவது அசையும் என்பதை மறந்துவிட்டார். பிற்பாட்டுக்காரர் சொன்னதையே திருப்பிச் சொல்கிறார்கள் என்ற பரிகாசமும் அப்படித்தான்: சோபோகிளிசின் பதினைந்து பேர் கொண்ட பாடகர் குழு எத்தனை இடத்தில் ஏற்கெனவே நடந்ததை எடுத்துப் புலம்புகிறது என்று எண்ணிப் பார்க்கட்டும்.

மோட்சமும் மங்களமும் பற்றி அவர் சொல்வது கேட்கச் சரிபோல இருக்கும். முடிவில் மோட்சம் கிடைத்துவிட்டால் எங்கே அவலம்? இந்தக் கேள்வியை சோபோகிளிசிடமே கேட்கலாம். அவருடைய மரணத்துக்குப் பின், கி.மு. 401இல், மேடையேறிய கொலோனசில் ஈடிப்பஸ் நாடகத்தில் அதே ஈடிப்பஸைத் தெய்வங்கள் அழைத்துக்கொள்கின்றன; அவன் மறைந்த மண் ஊருக்குக் காவலாகிறது. நம்மூர்க்காரன் அதற்கு மோட்சம் என்றுதான் பெயர் வைப்பான். ஈஸ்கிலஸின் ஒரெஸ்தேயா முத்தொகுதி பழிவாங்கும் தேவதைகள் மனம்மாறி ஊர்வலம் போவதோடு முடிகிறது. விழாவில் ஒரு கவிஞரின் மூன்று அவல நாடகங்கள் முடிந்ததும் நான்காவதாக குதிரைவால் பூதங்கள் கூத்தடிக்கும் ஒரு கேலி நாடகம் வரும். இவ்வளவும் நடந்தது டயோனிசஸ் தெய்வத்தின் வளாகத்தில், பூசாரி முன்வரிசையில் உட்கார்ந்திருக்க. மங்களம் பாடுவது அவலத்தைக் கெடுக்கும் என்றால், சடங்கு நாடகமாகாது என்றால், முதலில் அதென்சைத்தான் பாடத்திட்டத்திலிருந்து தூக்கவேண்டும்.

கட்டுரையாளர் பெரிய பெயர்களுக்குப் பின்னால் ஒளிகிறார் என்பதால் அவர்களையும் தொடவேண்டியிருக்கிறது. ஜோர்ஜ் ஸ்ரைனர் 1961இல் அவல நாடகத்தின் மரணம் பற்றி எழுதிய நூலில், இந்த வடிவம் மேற்கு மரபுக்கே உரியது என்று தொடக்கத்திலேயே சொல்லிவிட்டார். அதற்கு முன் ஏ. பி. கீத், சமஸ்கிருத நாடகம் பற்றிய 1924ஆம் ஆண்டு நூலில், பாசனின் ஊருபங்கத்தைக்கூட அவலமென்று ஒத்துக்கொள்ளவில்லை. துரியோதனன் கெட்டவன், அவன் சாவு பக்தர்களுக்கு மகிழ்ச்சிதானே என்பது அவர் நியாயம். ஊருபங்கத்தை வாசித்தவருக்கு இது எவ்வளவு காது கேளாத தீர்ப்பு என்று தெரியும். தொடை முறிந்து கிடக்கும் துரியோதனனின் மடியில் ஏற அவனுடைய சின்ன மகன் வருகிறான். அந்த மடிதான் இப்போது இல்லை. பகையை மறக்கச் சொல்லிவிட்டு அவன் மேடையிலேயே சாகிறான். திருவனந்தபுரத்து கணபதி சாஸ்திரி பத்மநாபபுரத்துக்குப் பக்கத்தில் கண்டெடுத்த சுவடிகளில் இருந்து இந்த நாடகம் வெளிவந்தது 1912இல். கீத் அதை அறிந்தே மறுத்தார். நம்முடைய கட்டுரையாளர் அறியாமலே மறுக்கிறார். இரண்டில் எது மோசம் என்பதை வாசகரே சொல்லட்டும்.

எனக்கு அதிகம் உறுத்தியது இந்தக் கரையைப் பற்றி அவர் காட்டிய அலட்சியம். இங்கே அவல நாடக மரபு எதுவும் வேர்விடவில்லை என்று ஒரு வரியில் தள்ளிவிட்டுப் போகிறார். கோவாவில் பிறந்து 1705இல் இலங்கைக்கு வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் சுவாமியார் 1742இல் இறந்த போலவத்தை, இதே புத்தளம் மாவட்டத்தில்தான் இருக்கிறது. இயேசுவின் பாடுகளைப் பற்றி அவர் தமிழில் எழுதிய வியாகுலப் பிரசங்கம், தபசுகாலத்தில் இராகத்தோடு வாசிக்க வாசிக்கச் சனம் அழுத நூல். அவருடைய பிரசங்கங்களை வாசித்துக்கொண்டே சுரூபங்களை அசைத்துக் காட்டியதிலிருந்துதான் இலங்கையின் பாஸ்கு என்னும் பாடுகளின் நாடக மரபு வளர்ந்தது. முடிவு தெரிந்த கதை, குற்றமற்ற நாயகன், தாயின் ஒப்பாரி, பின்னால் உயிர்ப்பு. கையேட்டின்படி இதுவும் அவலம் ஆகாது. கேட்டு அழுதவர்கள் கையேடு வாசித்தவர்கள் அல்லர்.

கத்தோலிக்கர் வாழும் மேற்குக் கரையில் தமிழ் நாட்டுக்கூத்து வழியாக உருவான சிங்கள நாடகம என்னும் வடிவம்தான், எதிரிவீர சரச்சந்திரவின் கைக்குப் போய் 1956இல் மனமே ஆகவும், 1961இல் சிங்கபாகு ஆகவும் வந்தது. சிங்கபாகு என்ன கதை? தகப்பனான சிங்கத்தை மகன் கொல்வது, அதுவும் தகப்பன் என்று தெரிந்தே. சிங்கள அரங்கின் பெரிய அவல நாடகம் என்று கொண்டாடப்படுவது அதுதான். மனமேயைப் பார்த்துத் தூண்டப்பட்ட பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் 1962இல் கர்ணன் போரையும், அதற்குப் பின் இராவணேசனையும் மேடையேற்றினார். இராவணேசனில் மண்டோதரி தடுக்கத் தடுக்க அழிவை நோக்கி நடக்கும் இராவணனைக் கண்டவர் எவரும் கூத்து அவலத்தைத் தாங்காது என்று பிறகு எழுதவில்லை. கூத்து அவலத்தைத் தாங்குமா என்ற வழக்கு அறுபது வருடத்துக்கு முன்பே தீர்ந்துபோனது. கட்டுரையாளருக்கு இன்னும் தீர்ப்பின் பிரதி கிடைக்கவில்லைபோலும்.

ஒன்றை மட்டும் அவருக்கு விட்டுக்கொடுக்கிறேன். எல்லாக் கூத்தும் அவலம் அல்ல. ஒரே தருவைத் திருப்பித் திருப்பிப் பாடி விடியும்வரை இழுத்து, யார் செத்தாலும் யாருக்கும் ஒன்றும் ஆகாத கூத்துகளும் உண்டு. திருவிழாவில் நடக்கும் சடங்கு முழுவதையும் நாடகமென்று அழைப்பதும் எனக்குச் சம்மதமில்லை. ஆனால் மோசமான கூத்தைக் காட்டிக் கூத்தையே தள்ளுவதென்றால், கிரேக்கரின் தொலைந்துபோன நூற்றுக்கணக்கான நாடகங்களில் எத்தனை சப்பென்று இருந்தன என்று யாருக்குத் தெரியும்? ஈடிப்பஸ் மன்னன்கூட அந்த வருடப் போட்டியில் இரண்டாமிடம்தான் பெற்றதாகப் பழைய செய்தி இருக்கிறது.

இந்த மாவட்டத்தில் இந்தப் பாடத்தைக் கற்பிக்கும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். யொகாஸ்தா உள்ளே போகும் கட்டத்தையும் சல்லியன் கோபிக்கும் கட்டத்தையும் ஒரே பாடவேளையில் எடுங்கள். யாருக்கு எது தெரியும், யாருக்கு எது தெரியாது, பார்ப்பவருக்கு எது தெரியும் என்று கேளுங்கள். உடப்பிலிருந்து வரும் பிள்ளை முதலில் கை உயர்த்தும். அந்த மலர்க் கட்டுரையை மட்டும் பிரதி எடுத்துக் கொடுக்காதீர்கள். கூத்தைப் பற்றி அது சொல்வதை மாணவர் நம்பாவிட்டாலும், ஈடிப்பஸைப் பற்றி அது சொல்வதை நம்பி எழுதினால் பரீட்சையில் புள்ளி போய்விடும்.